நைனா பூசிய சுவர்

எங்காவது ஒரு சுவரில் நீல பெயிண்டில் எண் எழுதியிருப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் நின்று அதை முழுதாகப் படித்துவிட்டுத்தான் நகர்வேன். எங்கள் வீட்டுச் சுவரிலும் அப்படி ஒன்று இருந்தது. சைதாப்பேட்டையில் ஆற்றங்கரையோரம் நாங்கள் குடியிருந்த காலம். ஒரு நாள் கணக்கெடுக்க வந்தவர்கள் வீடு வீடாக எண் போட்டுக்கொண்டு போனார்கள். கரையைக் காலி செய்யும்போது எண் உள்ள வீட்டுக்குத்தான் ஊருக்கு வெளியே மாற்று வீடு என்று சொன்னார்கள். அன்று எங்கள் வீடு பூட்டிக் கிடந்தது. நைனா மயிலாப்பூரில் வேலையாக இருந்தார், அம்மா அடையாறில் பாத்திரம் தேய்க்கப் போயிருந்தாள், நான் கல்லூரியில். வந்தவர்கள் ‘பூட்டிய வீடு’ என்று குறித்துக்கொண்டு எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போனார்கள். பேரை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம், எண் இருந்தால் போதும் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னார்களாம். வேலைக்குப் போகிற வீட்டில் பகலில் யார் இருப்பார்கள் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் அது பெரிதாகப் படவில்லை.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். சுவர் பூசுவதுதான் அவருக்கு வேலை. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பழைய வீடுகளில் பூச்சு உப்பிக்கொண்டு வந்தால் அவரைத்தான் தேடுவார்கள். அவரோடு ஒரு கல்யாணத்துக்குப் போனால் மானம் போய்விடும். மண்டபத்துக்குள் நுழைந்ததும் பெண்ணையும் பார்க்கமாட்டார், மாப்பிள்ளையையும் பார்க்கமாட்டார். சுவரோரமாக நடந்து விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவார். சத்தம் பொத்தென்று கேட்டால், “உள்ள காத்து கீதுமா, இது நிக்காது” என்று என் காதில் சொல்வார். நான் யாருடனோ வந்தவள் போல் நகர்ந்துகொள்வேன். பேச்சு அதிகம் இல்லாத மனிதர். வேலை முடிந்த சுவரை மட்டும், பக்கவாட்டில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் கூப்பிட்டால் காதில் விழாது.

ஆனால் எங்கள் சுவர் கேவலமாக இருந்தது. ஆற்றில் வெள்ளம் வந்து போன பிறகு ஈரம் இறங்கவே இல்லை. பூச்சு பொரிப்பொரியாக உதிர்ந்து, சோற்றுத் தட்டில்கூட விழும். “ஊர்ல கீற செவுருக்கெல்லாம் பவுடர் போட்டுக்கினு கீற. உன் வூட்டு செவுரு சொறி புடிச்சி நிக்குது” என்று அம்மா கேட்காத நாள் கிடையாது. இடிக்கப்போகிற வீட்டுக்கு எதற்குச் செலவு என்று நைனா தள்ளிப்போட்டார். அதில் நியாயம் இருந்தது. இடிக்கிறோம் இடிக்கிறோம் என்று சொன்னார்களே தவிர யாரும் வந்தபாடில்லை.

படிப்பு முடிந்து எனக்கு வரன் வந்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் நைனா முன்பக்கச் சுவரைக் கையில் எடுத்தார். பழைய பூச்சின் மேலேயே ஒரு கை பூசிவிட்டால் போதாதா என்று கேட்டேன். “பழசு மேல போட்டா ஒரு மழை தாங்காதும்மா” என்று சுத்தியும் உளியுமாக எல்லாவற்றையும் கொத்தி எடுத்தார். அம்மா மட்டும் கறாராகச் சொன்னாள். “நம்பரு கீற எடத்துல கை வச்சே, அவ்ளோதான். அத்த அப்படியே வுட்டுரு.” அவரும் தலையாட்டினார். எண்ணைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குப் பழைய பூச்சை விட்டுவிட்டு மீதியைப் பூசினார். சலித்த மணலில் கலவை போட்டு, மட்டப்பலகையால் இழைத்து, மேலே சிமெண்ட் பாலைத் தடவித் தேய்த்த பிறகு கை வைத்தால் வழுக்கியது. எங்கள் வீடா இது என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

நடுவில் அந்தப் பழைய சதுரம் மட்டும், புதுச் சட்டையில் ஒட்டுப்போட்டதுபோல் துருத்திக்கொண்டு நின்றது. நைனா அன்று மாலை முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போதும் பார்த்தார். மறுநாள் அம்மா வேலைக்குக் கிளம்பிய பிறகு உளியை எடுத்துவிட்டார். “நைனா, அம்மா கொன்னுடும்” என்றேன். “காயட்டும்மா. பச்சை செவுத்துல பெயிண்ட் நிக்காது. காஞ்சதும் அதே நம்பர அதே நீலத்துல நானே எழுதிடறேன். அவன் எழுதுனத வுட அழகா எழுதறேன் பாரு” என்றார். அந்தத் துண்டையும் கொத்தி, பூசி, ஒட்டு தெரியாமல் சேர்த்தார். சாயங்காலம் வந்த அம்மா சுவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், உள்ளே போய் ரேஷன் கார்டு பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து போனார்கள். என்னைப் பார்த்த நேரத்தைவிட அவர்கள் சுவரைப் பார்த்த நேரம் அதிகம். மாப்பிள்ளையின் அம்மா சுவரைத் தடவிப் பார்த்துக் கண்ணாடிபோல் இருக்கிறது என்றார். நைனாவுக்கு வெட்கம் வந்து காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டார். அந்தக் கல்யாணம் நடந்தது, அந்த மனிதரோடுதான் இன்னும் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது வேறு விஷயம். அவர்கள் வந்து போன அதே வாரம், சுவர் முழுதாகக் காய்வதற்கு முன்பே, எண்களைச் சரிபார்க்க அதிகாரிகள் வந்துவிட்டார்கள்.

எங்கள் வாசலில் வந்து நின்ற அதிகாரி அதட்டுகிற ஆளில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். சுவரை மேலும் கீழும் பார்த்தார். “இது எப்ப கட்டினது?” என்றார். கட்டியது பழையது, பூசியதுதான் புதிது என்று நைனா சொன்னார். எண்ணையும் சொன்னார்; ஆனால் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே ‘பூட்டிய வீடு’ என்று மட்டும்தான் இருந்தது, அது எங்கள் வீடுதான் என்று காட்டச் சுவரில் எண் இல்லை. ரேஷன் கார்டைக் கொண்டுவந்து காட்டினாள் அம்மா. “கார்டு பழசுதாம்மா. வீடு புதுசா இருக்கே” என்றார் அவர். கார்டை வைத்துக்கொண்டு வெளியே வாடகைக்குப் போனவர்கள், மாற்று வீடு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் திரும்பி வந்து அவசரமாகச் சுவர் எழுப்புகிறார்கள், இப்படி நிறையப் பார்த்துவிட்டேன் என்றார். அக்கம்பக்கத்தவர்கள் எங்களுக்காகப் பேசினார்கள். எல்லோருக்காகவும் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறீர்கள் என்றார். நைனா சுவரைத் தட்டிக் காட்டி, “உள்ள செங்கல்லு பழசு சார், வோணும்னா கொத்திக் காட்டறேன்” என்று உளியை எடுத்தார். “வேணாம் வேணாம், நல்லா இருக்கு, எதுக்குக் கெடுக்கறீங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த வீட்டின் சுவர் பாசி பிடித்து விரிசல் விட்டிருந்தது. அதில் எண் பளிச்சென்று இருந்தது.

கொத்திய பூச்சுத் துண்டுகளையெல்லாம் நைனா சந்தில் இருந்த பள்ளத்தில் கொட்டி மிதித்திருந்தார், மழைக்குச் சேறாகாமல் இருக்கட்டும் என்று. அதைத் தோண்டினார். நீலக் கறை தெரிந்த துண்டுகளைப் பொறுக்கிக் கழுவி, ஒரு சாக்கின் மேல் பரப்பி, இதோடு அது சேருமா, அதோடு இது சேருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணின் முன்பாதி ஒருவழியாக வந்தது. பின்பாதி மிதிபட்டு மாவாகிவிட்டது. அந்தப் பாதி எண்ணைச் சாக்கோடு சுமந்துகொண்டு அலுவலகத்துக்குப் போனார். சாக்கு இல்லாமல் திரும்பி வந்தார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபத்தில் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது. ஒரு முழச் சுவர் அசிங்கமாக இருந்தால் என்ன குடிமுழுகிப் போகும்? அவரால் அது முடியவில்லை, அவ்வளவுதான். முடிந்திருந்தால் அவர் நைனாவாக இருந்திருக்கமாட்டார் என்று இப்போது சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அந்தச் சமாதானம் எல்லா நாளும் வேலை செய்வதில்லை.

இடிக்கும் இயந்திரம் வந்தது. தெருவே லாரி ஏறி ஊருக்கு வெளியே போனது. நாங்கள் மட்டும் சட்டிபானையோடு சைதாப்பேட்டையிலேயே ஒற்றை அறை தேடினோம். அதன் பிறகு எத்தனையோ வாடகை வீடுகள். நைனா வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் வேலை முடிந்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நிறுத்திவிட்டார் என்று அவரோடு வேலைக்குப் போன சித்தாள் பெண் ஒருவர் சொன்னார். குடியிருந்த அறைகளில் பூச்சு உதிர்ந்தால் துடைப்பத்தை எடுத்துக் கூட்டுவாரே தவிர பூசுகிற கரண்டியைத் தொடமாட்டார். அம்மா அவரை மன்னிக்கவில்லை. வாடகை ஏறும்போதும், ஓனர் காலி செய்யச் சொல்லும்போதும், மோட்டார் போடமாட்டேன் என்று மேல்வீட்டில் சொல்லும்போதும் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வாள்: “அழகு பாத்தான் இல்ல, அழகு.” நைனா கேட்டுக்கொண்டு படுத்துக்கொள்வார்.

போன கோடையில் ஆஸ்பத்திரியில் நைனா போய்விட்டார். வீட்டுக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது ஓனர் போன் செய்தார். மேலே குழந்தைகள் இருக்கிறார்கள், பெரியவர் உடம்பை உள்ளே வைக்கவேண்டாம், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். என் வீட்டுக்காரர் கெஞ்சி, கடைசியில் தெருவில் காம்பவுண்டுச் சுவரோரமாக வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினார். ஷாமியானா போட்டு ஐஸ் பெட்டியில் நைனாவைக் கிடத்தினோம். ஊருக்கு வெளியிலிருந்து பழைய தெருக்காரர்கள் பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார்கள். எல்லோருக்கும் இப்போது சொந்தமாக ஒரு கதவு இருந்தது. அம்மா அழவில்லை. மரம்போல் உட்கார்ந்திருந்தாள்.

வந்தவர்கள் சாய்ந்து சாய்ந்து அந்தக் காம்பவுண்டுச் சுவரின் பூச்சு உதிர ஆரம்பித்தது. துணுக்குத் துணுக்காகப் பெட்டியின் கண்ணாடிமேல், சரியாக நைனாவின் முகம் இருக்கிற இடத்தில், விழுந்தது. அம்மா முந்தானையால் துடைத்தாள். திரும்பவும் விழுந்தது. திரும்பவும் துடைத்தாள். பிறகு சட்டென்று எழுந்து நின்று, மேலே பால்கனியில் நின்ற ஓனரைப் பார்த்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

“இன்னாய்யா செவுரு பூசி வச்சிகீற? தொட்டா கொட்டுது! எங்க வூட்டுக்காரரு பூசுன செவுர நீ பாத்திருக்கியா? பழைய வூட்டப் பூசி வச்சாரு, ஆபீசரு வந்து புச்சு வூடுன்னு சொல்லிட்டுப் போனான்யா!”

அம்மா அதே இடத்தில் மண்ணில் உட்கார்ந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு, அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.