புறக்கோட்டையில் வாங்கிய கோப்பைகள்

என் மேசையில் பேனாக்கள் நிற்கும் பீங்கான் கோப்பைக்குக் கைப்பிடி இல்லை. விளிம்பில் ஒரு நீலக் கோடு. ஐம்பதுகளின் நடுவில், ஒரு முகூர்த்தச் சேலைக்குப் பதிலாக, கொழும்புப் புறக்கோட்டை நடைபாதையில் அக்கா வாங்கியது.

அக்கா மலைநாட்டில், பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தாள். நான் கொழும்புப் பத்திரிகையொன்றில் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். அவள் மகளுக்குக் கல்யாணம்; சேலை எடுத்துக் கொடுப்பது தாய்மாமன் முறை. "புறக்கோட்டையிலதான் எடுக்கணும், நானே பாத்து எடுக்கணும்" என்று ரயிலேறி வந்துவிட்டாள். கொழும்பை அவள் பார்ப்பது அதுவே முதல் தடவை.

கோட்டை நிலையத்திலிருந்து நடந்தோம். கைவண்டியில் மூட்டை தள்ளிய நாட்டாமிக் கூலிகள் வழிவிடச் சொல்லிக் கத்தினார்கள். கொத்தமல்லி, கருவாடு, புதுத்துணி எனப் பத்தடிக்கொரு வாசனை மாறியது. தேயிலை நிரையில் நடப்பதுபோல் அக்கா நேராகவே நடந்தாள்.

"ஓரமா வாக்கா."

"நீ ஏண்டா எலி மாதிரி ஒதுங்கிப் போற? தெரு என்ன இவங்க அப்பன் வீட்டுதா?"

பெரிய ஜவுளிக்கடையொன்றில் பாயில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தாள். சரிகைக்கரை போட்ட அரக்குச் சேலை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அதை யார் கையிலும் விடவில்லை. அப்போது தேநீர் வந்தது. சேலை எடுக்க வருகிறவர்களுக்கு அங்கே அது உபசாரம். எனக்கும் பக்கத்துக் குடும்பத்துக்கும் பீங்கான் கோப்பை. அக்காவுக்குத் தகரக் குவளை. கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தி அவள் உச்சியில் முடி தேய்ந்திருந்ததைக் கடைக்காரர் கவனித்திருந்தார். நான் அதற்குள் ஒரு வாய் குடித்துவிட்டேன். அதை மறைக்கப்போவதில்லை.

"மொதலாளி, இவனும் நானும் ஒரு வயித்துல பொறந்தவங்க. இவனுக்குப் பீங்கான், எனக்குத் தகரமா?"

"தோட்டத்து ஆளுகளுக்கு அதுலதாம்மா குடுக்கிறது. தேத்தண்ணி ஒண்ணுதானே?"

"ஒண்ணுதாங்க. அதப் பறிச்சதே நாங்கதான்."

சேலையைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். வேறு கோப்பை தரச் சொல்வதாக அவர் பதறினார். "அடுத்து வர்றவளுக்குக் குடுங்க" என்று இறங்கிவிட்டாள்.

"பொண்ணு எதக் கட்டுவா?" என்று தெருவில் கேட்டேன்.

"நான் கட்டுனதக் கட்டுவா. அது ஒண்ணும் கிழியல. நீ எனக்குப் பீங்கான் கோப்பை வாங்கிக் குடு. கல்யாணத்துக்கு வர்ற அம்புட்டுப் பேருக்கும்."

வைக்கோல் திணித்த பெட்டியை மலைவரை மடியிலேயே கொண்டுபோனாள்.

தோட்டத்திலும் அதே நியாயம்தான்: கணக்கப்பிள்ளைக்குப் பீங்கான், வேலையாட்களுக்குச் சிரட்டை. கல்யாணத்தன்று, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து முற்றத்தில் கணக்கப்பிள்ளை தன் கோப்பையையும், பக்கத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர் கையிலிருந்த கோப்பையையும் மாறிமாறிப் பார்த்தார். இரண்டிலும் அதே நீலக் கோடு. அக்கா நகராமல் எதிரே நின்றாள்.

"ஆறிடப் போகுதுங்கய்யா."

அவர் குடித்தார்.

மகள் அன்று முழுக்க அம்மாவோடு பேசவில்லை. கண்ணால் பார்க்காத அந்த அரக்குச் சேலையை அவள் இன்னும் மறக்கவில்லை. ஆனால் அவள் வீட்டில் தகரக் குவளையும் கிடையாது.

அக்கா இப்போது இல்லை. உடைந்த கோப்பை எதற்கு என்று என் வீட்டில் கேட்கிறார்கள். அது இருக்கட்டும். புறக்கோட்டைக்குப் போனால் நான் ஓரமாக நடப்பதில்லை.