நனையாத தரை

இருபத்தாறு வருடம் சரக்குக் கப்பலில் சமைத்தவர் கிறிசாந்தோ. இயந்திரச் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தியே பழகிய தொண்டை, கரைக்கு வந்த பிறகும் இறங்கவில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில் மீன்பிடித் துறைக்குப் பின்னால் இருந்த வீட்டில் அவரும், பூத்தோ என்ற ஏழு மாதப் பெட்டை நாயும்தான்.

பூத்தோவுக்கு அவரைக் கண்டாலே குலை நடுங்கும். வாசலில் செருப்பைக் கழற்ற அவர் குனிந்தால் போதும், காதை மடக்கி, வயிறு தரையில் தேய ஒடுங்கி, அங்கேயே மூத்திரம் விட்டுவிடும். திட்டுவார். திட்டத் திட்ட இன்னும் நனைக்கும். ஒருநாள் கழற்றிய செருப்பையே ஓங்கிவிட்டார். அடிக்கவில்லை, ஓங்கினார், அவ்வளவுதான். நாய்க்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா?

கிறிஸ்துமஸுக்கு வந்த மகள் மெர்லிண்டா இதைப் பார்த்துவிட்டாள். அவளுடைய ஆறு வயது மகள் ஐராவுக்குக் கோடை விடுமுறை முழுக்கத் தாத்தாவோடு இருக்க ஆசை. தரையைத் துடைத்துக்கொண்டே மெர்லிண்டா சொன்னாள்.

"இது உங்க முன்னாடி நனைக்காம நிக்கட்டும்ப்பா. அப்புறம் புள்ளைய விடறேன்."

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் வாதாடவில்லை. தனியாக இருந்து இருந்து மனிதர் நொந்துபோயிருந்தார். பேத்தி வந்தே ஆகவேண்டும்.

கால்நடை மருத்துவரிடம் போனார். அது குறும்பு இல்லை, 'நான் சின்னவள், அடிக்காதே' என்று நாய் கெஞ்சுவதே அப்படித்தான் என்றார் மருத்துவர். குனியக்கூடாது, முறைக்கக்கூடாது, தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகக்கூடாது, திட்டவே கூடாது. அன்றிலிருந்து கிறிசாந்தோ செருப்பை வெளிக் கேட் அருகிலேயே உதறிவிட்டு, நாயைக் கண்டுகொள்ளாமல் உள்ளே போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு தரையில் உட்காருவார். முட்டி விண்விண்ணென்று தெறிக்கும். கையில் ஒரு துண்டு கருவாடு. நாய் வந்தால் தாடைக்குக் கீழே இரண்டு விரலால் சொறிந்துவிடுவார். நனைத்துவிட்டால், அது கொல்லைக்குப் போன பிறகு சத்தம் காட்டாமல் துடைப்பார். இப்படி மெதுவாகப் பேசுகிறீரே, சாகக் கிடக்கிறீரா, பாதிரியாரைக் கூப்பிடட்டுமா என்று பக்கத்து வீட்டு மீன்காரி நெனிட்டா வேலியோரம் நின்று கிண்டலடித்தாள். நாய் அருகில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டார்.

ஐந்தாவது வாரத்தில் பூத்தோ தானாகவே வந்து அவர் தொடையில் மோவாயை வைத்தது. தரை காய்ந்தே இருந்தது. மனிதர் அழுதேவிட்டார்.

ஏப்ரலில் ஐராவின் துணிப்பையோடு மெர்லிண்டா வந்தாள். கிறிசாந்தோ நாயின் எதிரில் நேராகப் போய் நின்றார். குனிந்தார். கழுத்தைத் தடவினார். பூத்தோ வாலை ஆட்டியது, ஒரு சொட்டு இல்லை. ஐரா கைதட்டினாள்.

எப்படிச் செய்தீர்கள் என்று மெர்லிண்டா கேட்டாள். ஒன்றுவிடாமல் சொன்னார். மூன்று மாதமாக ஒருநாள்கூடக் குரல் உயர்த்தவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். கேட்கக் கேட்க அவள் முகம் இருண்டது.

"அவரால முடியாதும்மா, அது அவர் சுபாவம்னு அம்மா சாகறவரைக்கும் சொன்னாங்க. நானும் நம்பினேன். நீங்க லீவுல வந்து படியேறுற சத்தம் கேட்டாலே என் கவுன் நனைஞ்சிடும். முடியாத மனுஷன்னு நெனச்சுத்தான் உங்கள மன்னிச்சேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"உங்களால முடிஞ்சிருக்குப்பா."

பையைத் தூக்கிக்கொண்டாள். ஐரா அழ அழ, அடுத்த ஜீப்னி வண்டியிலேயே இருவரும் திரும்பிவிட்டார்கள். நாய் தானாகவே சரியாகிவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் பேத்தி தங்கியிருப்பாள். பாவி மனுஷன், பெருமையில் உண்மையைச் சொல்லித் தொலைத்தார்.