மஃரிப் வராத ஊருக்கு என் மகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருசம் தள்ளிப்போட்டேன். எட்டாவதோடு நின்றவள் நான். பிழை வருமே என்ற கூச்சம் ஒரு பக்கம். மகளைச் சொல்லிப் பெருமையடிக்கிறாள் என்று அல்லாஹ் பிடித்துவிடுவானோ என்ற பயம் இன்னொரு பக்கம். நன்றிக்காகத்தான் எழுதுகிறேன், அவன் அறிவான்.

எங்கள் ஊர் புதுமடம். எங்கள் மூத்த மகள் கடல்பாசியைப் பற்றி எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள். மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய நார்வேயின் வடகோடியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். பால் பொங்கி அடுப்பே அணைந்துபோயிருந்தது. எங்கள் தெருவுக்கு வெளிநாடு என்றால் வளைகுடாதான். மறுநாளே பக்கத்து வீட்டு ராத்தா கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்துவிட்டார்.

"எம்மகன் துபாய்லதானே இருக்கான், போற வழியில குடுத்துறச் சொல்லு."

ஆனால் சரி என்று சொல்ல வேண்டிய என் வீட்டுக்காரர் சவூதியில் இருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து போன் போட்டார். நானும் மகளும் அவர் உம்மாவான என் மாமியும் ஸ்பீக்கரில் போட்டுச் சுற்றி உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னோம்.

"அங்கன கோடையில சூரியனே மறையாதாம்ல? அந்தித் தொழுகை மஃரிபே வராத ஊர்ல எம்புள்ள எப்படி நோன்பு திறக்கும்? அதுக்குப் பதில் சொல்லுங்க, அப்புறம் பாப்போம்."

 மகள் அசரவில்லை.

"வாப்பா, நோன்பு வருசா வருசம் பத்து, பதினோரு நாள் முன்னால வருது. இப்ப வாறது சூரியன் மறையுற மாசத்துலதான். நடுக்கோடைக்கு வர இன்னும் நாலஞ்சு வருசம் ஆகும். அதுக்குள்ள படிச்சு முடிச்சிருவேன்."

"முடிக்கலைன்னா?"

கேட்ட கையோடு போனை வைத்துவிட்டார்.

மறுநாள் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே கேட்டேன். உள்ளேயிருந்து ஹஜ்ரத் சிரித்தார்.

"இதுக்கா இப்படி வேர்த்து நிக்கிறீங்க? சூரியன் மறையுற பக்கத்து ஊர்ல எப்ப மறையுதோ அந்த நேரம், இல்லாட்டி மக்கா நேரத்த வச்சுத் திறக்கலாம். மார்க்கம் யாரையும் பட்டினி போட்டுக் கொல்லாது. புள்ளைய அனுப்புங்க."

வீட்டுக்கு ஓடிவந்தேன். அடுத்த வெள்ளிவரை எப்படிப் பொறுப்பேன்? எங்கள் ஊரில் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் ஓய்வாக இருக்கும்போது கூப்பிடு என்று அர்த்தம். விடாமல் கொடுத்தால் வீட்டில் மவுத்து, யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். சந்தோசத்தில் அது எனக்கு மறந்தே போனது. அழுத்திக்கொண்டே இருந்தேன். உடனே போன் வந்தது, எடுத்தால் அவர் அழுகிறார்.

"யாருக்கு என்ன ஆச்சு புள்ள? எங்க உம்மாவுக்கா?"

"மாமி இங்கன வெத்தலை இடிச்சுக்கிட்டு இருக்காங்க. மஃரிபு கெடச்சிருச்சுங்க!"

அழுகையை விட்டுவிட்டுக் கத்தினார்.

"அடி கூறுகெட்டவளே, முதலாளிகிட்ட லீவு வேற கேட்டுட்டேன்டி!"

ஹஜ்ரத் சொன்னதை மூச்சுவிடாமல் சொன்னேன். மாமி போனைப் பிடுங்கி, "ஏலே, நான் உசுரோடதான் இருக்கேன். புள்ளைய அனுப்புறேன்னு சொல்லு" என்றார்.

வீட்டுக்காரருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அல்ஹம்துலில்லாஹ். போகட்டும்மா. போய்ப் படிச்சிட்டு வரட்டும்."

மகள் என்னைத் தூக்கிச் சுற்றினாள். கருவாட்டுப் பொட்டலத்தின் மேலேயே விழுந்தோம்.

படிக்க நினைக்கும் பெண்பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லுங்கள். ஹஜ்ரத் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்லுங்கள், என் கூத்தையும் நடந்தபடியே சொல்லுங்கள். ஒன்றையும் கூட்டாதீர்கள், ஒன்றையும் குறைக்காதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்காக துஆ செய்கிறேன்.