என்னோடு வர மறுத்த பெண்

போன ஐப்பசியில், மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், சத்தி ரோட்டில் குரும்பபாளையம் பஸ் நிறுத்தத்தில் இது நடந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு நான் ஒப்புக்கொண்ட ஒரு காரியத்தைச் சொன்னால்தான் இது புரியும்.

அப்போது நான் கோவில்பாளையத்துக்குப் புதிதாகக் குடிவந்திருந்தேன். மாடி வீட்டில் இருந்தவர் உள்ளூர் சிறப்புப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. அறிவு வளர்ச்சி மெதுவாக இருக்கும் பிள்ளைகளுக்கான பள்ளி. ஒரு நாள் கீழே இறங்கி வந்து, காய்கறி கேட்பவர் போல சாதாரணமாகக் கேட்டார்.

"அக்கா, எங்க பள்ளிக்கூடத்துப் புள்ள ஒருத்திய நீங்க ஏமாத்திக் கூட்டிட்டுப் போகணுமுங்க."

விஷயம் இதுதான். அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது. கணபதியில் பம்ப்செட் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில், வாஷர்களைப் பாக்கெட் போடும் வேலை கிடைத்திருந்தது. ஆனால் அழைத்துப்போக ஆள் கிடையாது. அப்பா இல்லை, அம்மாவுக்கு மில்லில் ஷிப்ட் வேலை. தனியாகப் பஸ்ஸில் போய் வர முடிந்தால்தான் வேலை. அதனால் பள்ளியே பழக்கியது. தன் பஸ்ஸின் நம்பரைப் பார்த்து ஏறுவது, திரும்பும்போது கோவில்பாளையத்துக்குச் சற்று முன்னால் வரும் பெட்ரோல் பங்க்கைப் பார்த்ததும் இறங்க எழுந்து நிற்பது. ஆசிரியை முதலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார், பிறகு கடைசி சீட்டில், பிறகு பஸ்ஸுக்குப் பின்னால் ஸ்கூட்டரில். எல்லாம் வந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டால் போகக்கூடாது என்பது மட்டும் வரவில்லை.

"மொதல்ல ஒரு வாத்தியாரோட ஃப்ரெண்டக் கூப்பிடச் சொன்னோமுங்க. கூப்பிட்ட ஒடனே கையப் புடிச்சுட்டுப் போயிட்டா. அவரு பையையும் வாங்கித் தூக்கிட்டுப் போனா." சிரித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "தப்பு அவ மேல இல்லீங்க. யார் வந்தாலும் வணக்கம் சொல்லு, பெரியவங்க சொன்னாக் கேளுன்னு சின்ன வயசுலருந்து நாங்கதான சொல்லிக் குடுத்தோம்."

அதன் பிறகு அதற்கென்றே தனியாகப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். யாராவது கூப்பிட்டால் உள்ளங்கையை நீட்டிக் காட்ட வேண்டும். "வேண்டாங்க, நான் வரலீங்க" என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கும் கடைக்கோ கண்டக்டரிடமோ போய், பள்ளியின் பெயரும் அம்மாவின் போன் நம்பரும் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்ட அட்டையைக் காட்ட வேண்டும். இப்போது ஆண்கள் கூப்பிட்டால் தள்ளி நிற்கிறாள். ஒரு பெண் கூப்பிட்டால் என்ன செய்வாள் என்று பார்க்க வேண்டுமாம்.

"உங்களாட்டம் நரச்ச முடியும் நல்ல மூஞ்சியுமா ஒருத்தங்க வேணுமுங்க. உங்களப் பாத்தா யாருமே சந்தேகப்பட மாட்டாங்க."

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பள்ளிக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் அவளிடம் போனேன். ஆசிரியை சொல்லிக் கொடுத்தபடியே, "கண்ணு, உங்கம்மா உன்னையக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க, வா" என்றேன். அவள் முகம் முதலில் மலர்ந்தது. ஒரு அடி முன்னால் வைத்தாள். பிறகு எதையோ நினைவுபடுத்திக்கொண்டவள் போல நின்று, உள்ளங்கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "வேண்டாங்க. நான் வரலீங்க." நேராகப் பக்கத்து பேக்கரிக்குள் போய், கல்லாவை ஒட்டி நின்றுகொண்டாள். ஒளிந்திருந்த ஆசிரியை ஓடிவந்து கட்டிப்பிடித்தார். பள்ளியில் எல்லாரும் கைதட்டினார்களாம், லட்டு கொடுத்தார்களாம். அடுத்த வாரமே அவள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

நான் வேலை செய்யும் அச்சகம் காந்திபுரத்தில் இருக்கிறது. மாலையில் வீடு திரும்பும் பஸ்ஸில் அவளும் கணபதியில் ஏறுவாள். முதல் நாள், பழகிய முகம் என்று சிரித்தேன். உள்ளங்கை நீண்டது. கண்டக்டர் பக்கம் போய் நின்றுகொண்டாள். அவள் பயந்த மாதிரி தெரியவில்லை; சரியான பதிலைச் சொல்லிவிட்ட பெருமைதான் முகத்தில் இருந்தது. ஆசிரியையிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நீங்க பேச்சுக் குடுக்காதீங்க அக்கா. நடிச்சீங்கன்னு சொன்னா அவளுக்குப் புரியாது. மொதல்ல தான் வேண்டாம்னு ஒதுக்குனவங்களப் பொறவு நம்பலாம்னு புரிஞ்சுக்கிட்டா, அது இன்னும் மோசமுங்க."

சரி என்று ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தேன். அந்த மழை நாள் வந்தது.

குரும்பபாளையத்தில் பஸ் நின்றுவிட்டது. என்ஜினில் கோளாறு. கண்டக்டர் எல்லாரையும் இறக்கி, பின்னால் வரும் பஸ்ஸில் ஏறிக்கொள்ளச் சொன்னார். அடுத்தடுத்து வந்த பஸ்களில் முண்டியடித்து எல்லாரும் ஏறிவிட்டார்கள். அவள் ஏறவில்லை; அவளை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் நானும் நின்றுவிட்டேன். எல்லாமே கோவில்பாளையம் வழியாகப் போகும் பஸ்கள்தான். ஆனால் எதுவும் அவளுடைய நம்பர் இல்லை. ஒவ்வொரு பஸ்ஸின் நெற்றியையும் பார்ப்பாள், பின்னால் நகர்வாள். இருட்டிக்கொண்டு வந்தது. நிறுத்தத்தில் அவளும் நானும், எதிரே ஒரு டீக்கடையும் மட்டும் மிச்சம்.

ஆசிரியைக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. இன்னொரு பஸ் வந்தது. பொறுக்க முடியாமல், "கண்ணு, இதுவும் நம்ம ஊருக்குத்தான் போகுது, வா ஏறிக்கலாம்" என்றேன்.

உள்ளங்கை நீண்டது. "வேண்டாங்க. நான் வரலீங்க." இந்த முறை சத்தமாகச் சொன்னாள். விறுவிறுவென்று டீக்கடைக்குள் போய் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். பஸ் போய்விட்டது.

டீக்கடைக்காரர் தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"ஏனுங்கம்மா, அந்தப் புள்ளைய எதுக்குக் கூப்படறீங்க?"

"எனக்குத் தெரிஞ்ச பொண்ணுதாங்க. ஒரே ஊரு."

"ஏம்மணி, இவியள உனக்குத் தெரியுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். "கூப்புட்டாங்க. போகக்கூடாது" என்றாள்.

டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்கள். நான் பள்ளி, பயிற்சி என்று நடந்ததை விளக்க ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல, என் காதுக்கே அது பிள்ளை பிடிக்கிறவள் பேச்சாகக் கேட்டது.

"அப்ப, முன்னால பொய்யாக் கூப்புட்டதும் நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"இப்ப நெசமாக் கூப்படறீங்களாக்கும்?"

"ஆமாங்க."

"நல்லாருக்குதுங்க" என்றார். எழுந்த ஒருவர் செல்போனில் என்னைப் படம் எடுத்துக்கொண்டார்.

அட்டையில் இருந்த அம்மாவின் நம்பருக்கு டீக்கடைக்காரர் அடித்தார். மணி மட்டும் அடித்தது. மில்லுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அவளுக்கு ஒரு டீ நீட்டினார். "வேண்டாங்க" என்று உள்ளங்கையைக் காட்டினாள். அவர் முகம் அப்போதுதான் கொஞ்சம் இளகியது. "எனக்கும் அதேதானுங்களா?"

நல்லவேளையாக ஆசிரியை திரும்பக் கூப்பிட்டார். டீக்கடைக்காரரிடம் போனைக் கொடுத்தேன். அவர் அட்டையில் இருந்த பள்ளியின் பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்டார். ரொம்ப நேரம் "ம்" கொட்டிவிட்டு, போனை என்னிடம் நீட்டினார்.

"அக்கா, அவ நம்பர் பஸ் கடைசியா ஒண்ணு இருக்குதுங்க. அதுல அவளே ஏறிக்குவா. நீங்க மொதல்ல அங்கிருந்து கெளம்புங்க."

"இருட்டுல தனியாவா?"

"நீங்க நிக்கிற வரைக்கும் அவ கடைய விட்டு வெளிய வரமாட்டாளுங்க. கடைக்குள்ளயே இருந்தா அந்த பஸ்ஸும் போயிரும்."

"போங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார் டீக்கடைக்காரர். அவரை எனக்கு யாரென்றே தெரியாது. எனக்குத் தெரிந்த பெண்ணை முன்பின் தெரியாத ஒருவரிடம் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். அவள் கடையிலிருந்து வெளியே வந்து, நிறுத்தத்துக் கம்பத்தை ஒட்டி நின்றாள்.

கோவில்பாளையத்தில் இறங்கி, ஒரு மெடிக்கல் ஷாப்பின் ஓரமாக அவள் கண்ணில் படாமல் நின்றேன். வந்த பஸ்ஸிலெல்லாம் யார் யாரோ இறங்கினார்கள். கடைசியில் அவள் நம்பர் பஸ் வந்தது. படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கவனமாக இறங்கினாள். அட்டையைச் சரிசெய்துகொண்டு, ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்து, வீட்டுப் பக்கம் நடந்தாள். அவள் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் நானும் நடந்தேன்.

காலையில் அவளுடைய அம்மா வந்தார். ஷிப்ட் முடிந்து வந்த முகம்.

"நீங்களும் ஒரு பொம்பளதானுங்க. என்ற புள்ளைய இருட்டுல விட்டுப்போட்டு எப்படிங்க பஸ் ஏறுனீங்க?"

ஆசிரியை மாடியிலிருந்து இறங்கி வந்தார். "அவளா வந்துட்டாளுங்க. அதப் பாருங்க."

"வந்தா சரிங்க. வரலீன்னா?"

இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. வேலைக்கு அனுப்புவதில்லை என்று சொல்லிவிட்டு அம்மா போய்விட்டார். ஆனால் தினமும் காலையில் அவள் அட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பையோடு வாசலில் போய் நின்றாளாம். உள்ளே கூப்பிட்டாலும் வரவில்லையாம். ஒரு வாரம் பார்த்துவிட்டு, அம்மாவே மறுபடியும் வேலைக்கு அனுப்பிவிட்டார்.

இப்போதும் அவள் அதே பஸ்ஸில்தான் வருகிறாள். என்னைப் பார்த்தால் கை நீள்கிறது. நான் பின் சீட்டுக்குப் போய்விடுகிறேன். அன்று நான் அவளைக் கைவிட்டேனா, உதவினேனா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. பெட்ரோல் பங்க் வந்ததும் யாரும் சொல்லாமல் அவள் எழுந்து நிற்பதைப் பார்க்கும் வரை, நானும் என் நிறுத்தத்தில் இறங்க எழுந்திருப்பதில்லை.