நைனாவின் இருமல்

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சுப்பராயன், புதுப் பெண்டாட்டி கெங்கம்மாவோடு, புளியந்தோப்பில் தன் நைனாவும் அம்மாவும் இருந்த ஒற்றை அறையிலேயே குடித்தனம் நடத்தினான். டோல்கேட் பக்கம் வாடகைக்கு இடம் கிடைத்தும் கிளம்ப மனசு வரவில்லை. வாசலுக்கு வந்தாலே நைனாவுக்கு இருமல். க்ஷயரோகமோ என்று அவனுக்குப் பயம்.

"கெளம்புடா மொதல்ல!" என்று நைனாதான் விரட்டினார்.

டோல்கேட்டுக்குக் குடிபோன சுப்பராயன், அடுத்த ஞாயிறு மருந்துப் புட்டியோடு ஓடிவந்து பழைய அறைக்குள் காத்திருந்தான். வெளியே போயிருந்த நைனா சத்தமே இல்லாமல் உள்ளே நுழைந்தார்.

"இருமல் எப்டி கீது நைனா?"

"எனுக்கு ஏதுடா இருமலு? அப்போ உள்ள புதுசா கண்ணாலம் ஆனவங்க இருந்தீங்க. சொல்லாம கொள்ளாம பூந்துட முடியுமா? அதான் வாசல்லயே இருமிக்கினு நின்னேன்."

சுப்பராயனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"தொண்டையே புண்ணாப் பூட்ச்சி. குடு அந்த மருந்த!"