மச்சான் பெயரில் இருந்த கையெழுத்து

அன்புள்ள சகோதரிகளே, உங்கள் எல்லோர் மீதும் இறைவனின் அமைதி உண்டாகட்டும். வியாழக்கிழமை கூட்டத்தில் எழுந்து பேசச் சொல்லி மூன்று வாரமாகக் கேட்கிறீர்கள். பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

போன ஷஃபானில், அதாவது நோன்புக்கு முந்தின மாதத்தில், முதல் திங்கட்கிழமை காலை, என் மகள் ஹஃப்ஸாவின் பேச்சு நின்றுபோனது.

ஹஃப்ஸாவை உங்களுக்குத் தெரியும். ஏழு வயது. காது கேட்கும், எல்லாம் புரியும், வாயில் மட்டும் வார்த்தை வராது. அவள் பேசுவதெல்லாம் டேப் என்கிற ஒரு கைக்கணினியில்தான். படத்தைத் தொட்டால் டேப் அந்த வார்த்தையைச் சொல்லும். தமிழில் அப்படி ஒன்று நமக்கு ஏற்ற மாதிரி கிடைக்காததால் அந்த ஆப்பை நானே எழுதினேன். சிதம்பரத்தில் வீட்டில் உட்கார்ந்து ஆப் செய்து கொடுப்பதுதான் என் வேலை. குரலும் என்னுடையதுதான். வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறி அவளைக் கடலூரில் ஒரு சின்னச் சிறப்புப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே இன்னும் எட்டுக் குழந்தைகள் இதே ஆப்பில் பேசுகிறார்கள். வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் சேர்ந்து வாங்கிக்கொடுத்த டேப்புகள் அவை.

அந்த வகை டேப்பில் கண்ட ஆப்பையும் ஏற்ற முடியாது. செய்தவருடைய கையெழுத்து அதில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு ஒரு சான்றிதழ் உண்டு. எந்தெந்த டேப்பில் ஓடலாம் என்று எண்களோடு ஒரு அனுமதிக் கோப்பும் உண்டு. அது ஒரு வருடம்தான் செல்லும். வருடம் முடிந்தால் புதுக் கோப்பு போட வேண்டும், இல்லாவிட்டால் ஆப் திறக்காது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

இந்தக் கையெழுத்துக்கான கணக்கு என் பெயரில் இல்லை. என் லாத்தா, என் அக்காவின் மாப்பிள்ளை, அதாவது என் மச்சான் பெயரில் இருந்தது. அவரும் இதே வேலைதான். வாப்பா மௌத்தான பிறகு எங்கள் வீட்டில் கேஸ் இணைப்பிலிருந்து கரண்டு பில் வரை எல்லாம் மூத்த மாப்பிள்ளை பெயரில்தான். கணக்கு தொடங்கும்போது லாத்தா என்னிடம் சொன்னாள்: "மச்சான் பேர்ல போடுடி. அவரு இருக்கறப்ப நீ தனியா போட்டா அவரு மனசு சங்கடப்படும்." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவர் எனக்கு அண்ணன் மாதிரி. நான் ஆப் எழுதுவேன், அவர் வருடா வருடம் கோப்பை எடுத்து அனுப்புவார். உள்ளே போகிற பாஸ்வேர்டு அவரிடம் மட்டும்தான்.

வருடம் முடியப்போவது எனக்குத் தெரியும். பதினைந்து நாள் முன்னாலேயே ஞாபகப்படுத்தினேன். அவர் அப்போதுதான் சென்னையில் ஒரு புதுக் கம்பெனியில் சேர்ந்திருந்தார். "பாத்துக்கறேம்மா, நீ கவலப்படாத" என்றார். நானும் கவலைப்படவில்லை.

அந்தத் திங்கட்கிழமை ஹஃப்ஸா பால் கேட்க டேப்பைத் தொட்டாள். ஆப் திறக்கவில்லை. மறுபடி தொட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் மச்சானுக்குப் போன் போட்டேன். மதியத்துக்குள் புதுக் கோப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. அப்பாடா என்று லேப்டாப்பில் போட்டேன். சிவப்பு எழுத்தில் பிழை வந்தது: இந்த அனுமதிக் கோப்பில் உங்கள் சான்றிதழ் இல்லை.

"உன் லேப்டாப்ல பழைய குப்பையெல்லாம் கெடக்கும். எல்லாத்தையும் கிளீன் பண்ணிட்டு திரும்பப் போட்டுப் பாரு" என்றார். கிளீன் செய்தேன். பழைய கோப்புகளையெல்லாம் அழித்தேன். சான்றிதழை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். கடிகாரத் தேதியைக்கூடச் சரிபார்த்தேன். மென்பொருளையே கழற்றிவிட்டுப் புதிதாக இறக்கினேன். அதே சிவப்பு எழுத்து. செவ்வாய் போனது, புதன் போனது. "சர்வர்ல ஏதோ பிரச்சனையாம். ரெண்டு நாள் வெய்ட் பண்ணு" என்றார். வெய்ட் பண்ணினேன்.

ஹஃப்ஸா வெய்ட் பண்ணவில்லை. செத்துப்போன டேப்பைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க என் பின்னால் அலைந்தாள். தன் கையைத் தானே கடித்தாள். புதன்கிழமை தலையைச் சுவரில் இடித்தாள், கோபம் என்று நினைத்து அதட்டினேன். வியாழக்கிழமை காய்ச்சல் அடித்த பிறகுதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். காதில் சீழ். அந்த டேப்பில் "காது வலி" என்று ஒரு படம் இருக்கிறது. ஆப் ஓடியிருந்தால் புதன்கிழமையே சொல்லியிருப்பாள். வலியில் இருந்த பிள்ளையை அதட்டிய பாவி நான்.

வெள்ளிக்கிழமை மச்சான் லீவில் ஊருக்கு வந்தார். ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டார். என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திரையை உற்றுப் பார்த்து, "எனக்கும் புரியலையே" என்று தலையைச் சொறிந்தார். காய்ச்சலோடு படுத்திருந்த ஹஃப்ஸாவின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, லாத்தாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு புவனகிரிக்கு, தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று அசர் தொழுகைக்குப் பிறகு நான் முசல்லா விரிப்பிலிருந்து எழுந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை அசருக்கும் மக்ரிபுக்கும் நடுவில் கேட்கும் துஆவுக்கு மதிப்பு ஜாஸ்தி என்று நமக்கெல்லாம் சொல்லித்தந்திருக்கிறார்கள். எனக்கு அழகாகக் கேட்கத் தெரியவில்லை. "யா அல்லாஹ், என் அறிவுக்கு எட்டியதெல்லாம் செஞ்சு பாத்துட்டேன். கோளாறு எங்கிட்ட இருந்தா காட்டு. வேற எங்க இருந்தாலும் அதையும் காட்டு. என் புள்ளைய பேச வையி" என்று அழுதேன். அவ்வளவுதான் கேட்டேன்.

மக்ரிப் பாங்கு சொல்வதற்குள் ஒரு எண்ணம் வந்தது. ஐந்து நாளாக என் லேப்டாப்பை மட்டும்தான் குடைந்துகொண்டிருக்கிறேன். மச்சான் அனுப்பிய கோப்பைப் பிரித்துப் பார்க்கவே இல்லை. வேறு யார் அனுப்பியிருந்தாலும் முதல் வேலையாக அதைத்தான் பார்த்திருப்பேன். மாப்பிள்ளை கொடுத்ததைச் சோதிப்பது எங்கள் வீட்டில் மரியாதை இல்லை. கட்டளை ஒன்று அடித்தால் அந்தக் கோப்புக்குள் இருப்பதை வரி வரியாகப் படிக்கலாம், இரண்டு நிமிட வேலை.

தொழுதுவிட்டு வந்து படித்தேன். உள்ளே இருந்தது வேறு சான்றிதழ். போன வாரம்தான் புதிதாகப் போட்டது. அனுமதி பெற்ற டேப்புகளின் பட்டியலில் எங்கள் ஒன்பது டேப்பில் ஒன்றின் எண்கூட இல்லை. நான் ஆயுசு முழுக்கத் தேடினாலும் அந்தக் கோப்பு வேலை செய்திருக்காது. அதை அனுப்பியவருக்கு அது தெரியும்.

போன் போட்டேன். முதலில் மழுப்பினார். பட்டியலை வாசித்துக் காட்டியதும் குரல் இறங்கியது.

"புதுக் கம்பெனில சொந்த அக்கவுண்டுல வேற ஆப்பு எதுவும் இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அதான் பழைய சர்டிபிகேட்டை ரத்து பண்ணிட்டேன். சொன்னா நீ வருத்தப்படுவியேன்னு..."

"அப்ப அந்தக் கோப்பு எதுக்கு மச்சான் அனுப்புனீங்க?"

"ஏதோ ஒண்ணு அனுப்புனேன். நாலு நாள் பாத்துட்டு நீயே விட்டுடுவேன்னு நெனச்சேன்."

இருந்தாலும் கெஞ்சினேன். வேறு பெயரில் கையெழுத்துப் போட்டால் பழைய ஆப்பை அழித்துவிட்டுத்தான் புதியதை ஏற்ற முடியும். அழித்தால் ஹஃப்ஸா மூன்று வருடமாகச் சேர்த்த வார்த்தைகள் மொத்தமும் போய்விடும். அதைப் பிரதி எடுத்து வைக்கும் வசதியைச் செய்வோம் செய்வோம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். "ஒரே ஒரு தடவ சைன் பண்ணிக் குடுங்க மச்சான். அவ பேச்செல்லாம் உள்ள இருக்கு" என்றேன்.

"முடியாதும்மா. தெரிஞ்சா வேலை போயிடும். டெலீட் பண்ணிட்டு புதுசா போட்டுக்க. குழந்தைதானே, மறுபடி கத்துக்குவா."

பின்னாலிருந்து லாத்தா போனை வாங்கினாள். "எனக்கு முன்னாடியே தெரியும்டி. நீ இதைப் பெரிசாக்காத" என்றாள்.

சகோதரிகளே, மச்சான் செய்தது நெஞ்சில் குத்தியது. கூடப் பிறந்தவள் தெரிந்தும் வாய் திறக்காதது முதுகில் குத்தியது. நான் சாப்பாட்டை மறந்து திரைக்கு முன் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் டீ கொண்டுவந்து வைத்தவள் அவள். கேட்டது கிடைத்துவிட்டது, கோளாறு எங்கே என்று அல்லாஹ் காட்டிவிட்டான். எனக்கு அப்போது நன்றி வரவில்லை. ஏன் காட்டினாய் என்றுதான் வந்தது.

மறுநாள் காலை என் பெயரில் கணக்குக்கு விண்ணப்பித்தேன். திங்கட்கிழமை ஹஃப்ஸாவைக் கூட்டிக்கொண்டு கடலூர் போனேன், கலைச்செல்வி மிஸ்ஸிடம் விஷயத்தைச் சொல்ல. பள்ளியை நடத்துவது அவர்தான். ஒன்பது பிள்ளைகளின் வார்த்தைகளும் போகப்போகின்றன என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவர் எழுந்துபோய் பீரோவைத் திறந்து ஒன்பது நீள நோட்டுகளை எடுத்து மேஜையில் போட்டார்.

"எதுக்கு அழுவுறீங்க? எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன் பாருங்க. முன்ன அடிச்ச பெரிய புயல்ல இந்த ஊர்ல பத்து நாள் கரண்டு இல்லாம கெடந்தோம். அதுலேருந்து நான் எந்த மெஷினையும் நம்பறதில்ல."

ஹஃப்ஸாவின் நோட்டைப் பிரித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் டேப் திரையைப் போலவே கட்டங்கள். எந்தக் கட்டத்தில் எந்தப் படம், எந்தத் தேதியில் சேர்த்தது, அவளாகத் தொட்டது எப்போது, தொட்டதும் சிரித்தாளா இல்லையா. இருநூற்றுப் பன்னிரண்டு வார்த்தைகள், ஒன்றுகூட விடுபடவில்லை. நான் துஆ கேட்பதற்கு மூன்று வருடம் முன்னாலேயே அதற்கான பதிலை அல்லாஹ் ஒரு டீச்சரின் கையால் பேனாவில் எழுதவைத்துவிட்டான். அந்த மேஜையிலேயே தலையை வைத்து அழுதேன். இந்தத் தடவை நன்றியில்.

புதன்கிழமை கணக்குக்கு ஒப்புதல் வந்தது. சான்றிதழ் என் பெயரில், கோப்பு என் பெயரில், ஒன்பது எண்களையும் நானே தட்டினேன். சிவப்பு எழுத்து வரவில்லை. பழைய ஆப்பை அழிக்கும்போது பிஸ்மில்லாஹ் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு ஒன்பது நோட்டுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படங்களை ஏற்றி, அத்தனை வார்த்தையையும் மறுபடி என் குரலில் பதிவு செய்தேன். நோன்புக்கு இரண்டு நாள் முன்பு வேலை முடிந்தது.

டேப்பைக் கையில் வாங்கியதும் ஹஃப்ஸா தொட்ட முதல் வார்த்தை "உம்மா". அடுத்தது "எங்க போன?" அவள் அந்தக் கேள்வியை டேப்பிடம் கேட்டாளா என்னிடம் கேட்டாளா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு சிரித்தோம்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லாமல் இருக்கலாம். சாட்சி சொல்ல வந்துவிட்டு ஒளித்துவைக்கக் கூடாது. நோட்டில் மூன்றாம் பக்கம் கடைசிக் கட்டத்தில் இருந்த வார்த்தை "பெரியாப்பா". மச்சானின் போட்டோ. "தானாகத் தொட்டாள், சிரித்தாள்" என்று மிஸ் எழுதியிருந்தார். அந்த இடத்தில் நான் வேண்டுமென்றே ஒரு மாம்பழத்தைப் போட்டுவிட்டேன். அந்த ஆளின் பெயரை என் குரலில் சொல்ல மனசு வரவில்லை.

ஹஃப்ஸா அந்தக் கட்டத்தைத் தொட்டாள். "மாம்பழம்" என்றது டேப். மறுபடி தொட்டாள். "மாம்பழம்." தலையை ஆட்டினாள். என் கன்னத்தில் கைவைத்து முகத்தை டேப் பக்கம் திருப்பினாள். விடாமல் தொட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஒரு வார்த்தை வேண்டும், அது அவளுடைய வார்த்தை. என்னிடம் பொய் சொன்ன மனிதர் அவளைத் தோளில் தூக்கி பிச்சாவரம் படகைக் காட்டியவர். அவளுடைய வார்த்தையை அழிக்க எனக்கு மட்டும் என்ன உரிமை இருக்கிறது? அதைத்தானே அவரும் செய்தார்.

போட்டோவைத் தேடிப் போட்டேன். மூன்று தடவை பதிவு செய்தேன். முதல் இரண்டிலும் என் குரலில் கோபம் கேட்டது.

மச்சானை மன்னித்துவிட்டாயா என்று என்னைக் கேட்காதீர்கள். சலாம் சொல்கிறேன், முகம் பார்ப்பதில்லை. லாத்தாவோடு இன்னும் பழைய மாதிரி பேச வரவில்லை. ஆனால் ஹஃப்ஸா பேசுகிறாள், எட்டுப் பிள்ளைகளும் பேசுகிறார்கள், இப்போது என் பிள்ளையின் பேச்சு வேறு எவருடைய தயவிலும் இல்லை. எல்லாப் புகழும் அவனுக்கே. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வந்தால் உள்ளதை உள்ளபடி அவனிடம் கேளுங்கள், நிச்சயம் காட்டுவான். காட்டியதைத் தாங்கும் பலத்தையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். எனக்கு அது அன்று தோன்றவில்லை, இன்னும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.