கண்ணாடிக்காரர் வீட்டுக்குச் சாமியார் வந்த நாள்

“அங்க போனதும் என்கிட்ட முதல்ல என்னடா கேப்பாங்க?”

கண்ணாடிக்காரர் தன் மகனிடம் இப்படிக் கேட்டபோது வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கடைக்குப் பின்னால் இருந்த அறையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் அவருக்கு மூச்சு முட்டும். எங்கே போனதும் என்று மகன் கேட்கவில்லை. செத்த பிறகு போகும் இடம் என்று கேட்காமலே புரிந்தது.

அவனை எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். அளவு டேப்பைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு திரிவான். பள்ளி முடித்த கையோடு அப்பாவின் கடையில் நின்றுவிட்டான். சன்னலுக்கு, அலமாரிக்கு, படத்துக்கு என்று கண்ணாடி அறுப்பது வேலை. ஸ்கேலை அழுத்திப் பிடித்து, கட்டரை ஒரே இழுப்பாக இழுத்து, மேசை விளிம்பில் வைத்து மெல்ல அமுக்கினால் கண்ணாடி கோட்டோடு விட்டுக்கொடுக்கும். நடுவில் கை தயங்கினால் போச்சு, அது தன் இஷ்டத்துக்கு உடையும். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் டேப்புவிடம் பதில் தயாராக இருக்கும். “ஊரை எல்லாம் அளக்குற, உன் வாயை அளக்க எந்தக் கடையில டேப்பு விக்குது?” என்று மாமா கிண்டல் செய்வார். அந்த வாய் அன்று அடைத்துப்போனது.

“சாமியாரை ஒரு தடவை வரச் சொல்லுடா,” என்றார் அப்பா. “எண்ணெய் பூசட்டும். அவர்கிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணி வருஷக்கணக்காச்சு. ஆனா உங்கம்மாவுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா அவ அத்தோட இடிஞ்சு போயிடுவா.”

எண்ணெய் பூசுவது கத்தோலிக்கர்கள் நோயாளிகளுக்குச் செய்யும் சடங்கு, திருவருட்சாதனம் என்பார்கள். சாமியார் நெற்றியிலும் கைகளிலும் புனித எண்ணெயைப் பூசி மன்றாடுவார். உயிர் இருக்கும்போதுதான் செய்ய முடியும். நோய் முற்றும்வரை காத்திருக்காதீர்கள் என்று கோயிலில் படித்துப் படித்துச் சொல்வார்கள். யார் காதில் ஏறும்? எண்ணெயோடு சாமியார் படியேறினால் அந்த வீட்டிலிருந்து ஒரு சவப்பெட்டி இறங்கும் என்றே அந்தத் தெருவில் எல்லோரும் நினைத்தார்கள். அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார்கள்.

டேப்பு அடுப்படிக்குப் போனான். அம்மா வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

“சாமியாரைக் கூப்பிடலாமாம்மா?”

“வாயைக் கழுவு. அவரைப் பாத்ததுமே உங்கப்பாவுக்குப் பாதி உயிர் போயிடும். டாக்டர் என்கிட்ட சொன்னதையே நான் அவர்கிட்ட மூச்சு விடல. நீ பாட்டுக்கு எதையாவது உளறி வைக்காத.”

இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் நடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இவன் மாட்டிக்கொண்டான். யாராவது ஒருவரிடம் உண்மையைப் போட்டு உடைத்திருந்தால் அன்று மாலையே சாமியார் வந்திருப்பார். அதற்குத் தைரியம் வரவில்லை. கெட்டிக்காரத்தனமாக ஒரு திட்டம்தான் வந்தது.

பங்குச் சாமியார் வயதானவர். நாலு ஊர்க் கோயில்களுக்கும் அவர் ஒருவரே. டேப்பு அவரைத் தேடிப் போனான்.

“சாமி, அங்கி போடாம, சாதாரண சட்டையில வாங்க. ஏதாவது படத்துக்குக் கண்ணாடி போட வந்த ஆள் மாதிரி. அம்மா மருந்து வாங்கப் போற நேரம் பாத்து வரணும்.”

“இந்த வயசுல என்னை நாடகத்துல இறக்குற. அம்மாகிட்டயே சொல்லிடேன்.”

“முடியாது சாமி.”

“சரி, இன்னைக்கே வரவா?”

“இன்னைக்கு அம்மா வெளியே போக மாட்டாங்க. நாளைக்கு வாங்க.”

மறுநாள் காலையிலேயே அப்பாவின் மூச்சு மாறியது. அம்மா டாக்டரைக் கூட்டிவர ஓடினாள். டேப்பு சாமியாருக்குப் போன் மேல் போன் போட்டான். அவர் பக்கத்து ஊரில் அடக்கப் பூசையில் இருந்தார். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அப்பாவின் கண் வாசலிலேயே இருந்தது.

“வர்றாரா?”

“வந்துட்டே இருக்காருப்பா.”

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு செபம் சொல்ல ஆரம்பித்தான். பேச்சு வந்த நாளிலிருந்து சொல்லி வந்த செபம். பாதியில் வார்த்தை நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. அவன் அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அப்பா போய்விட்டார்.

மதியத்துக்குப் பிறகு சாமியார் வந்தார். கட்டம் போட்ட சட்டை, கக்கத்தில் கண்ணாடி இல்லாத ஒரு படம். அடக்கத்தை முடித்துவிட்டுப் போனைக்கூடப் பார்க்காமல் ஸ்கூட்டரை விரட்டியிருந்தார். பாதி இறக்கியிருந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்து, சொல்லிக்கொடுத்தபடியே உரக்கக் கேட்டார்.

“கண்ணாடிக்காரரே, இந்தப் படத்துக்கு ஒரு கண்ணாடி போட்டுத் தர முடியுமா?”

உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பினார்கள். நடுவில் கிடத்தியிருந்ததைப் பார்த்ததும் சாமியாரின் முகம் வெளுத்தது.

“சாமி,” என்றாள் அம்மா. “எதுக்கு இந்த வேஷம்?”

டேப்பு எல்லாவற்றையும் சொன்னான்.

“அவரே கேட்டாரா?”

“ஆமாம்மா.”

“அப்போ அவருக்குத் தெரியுமா?”

“தெரியும்மா. உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான்…”

அம்மா அழவில்லை. சாமியாரின் சட்டைக் கையைப் பிடித்தாள். “இப்பப் பூசுங்க சாமி. கை இன்னும் சூடாத்தான் இருக்கு.”

அவர் அந்தக் கையைத் தொட்டார். சில்லிட்டுப் போயிருந்தது. “இனிமே முடியாதும்மா. அவர் ஆசைப்பட்டது கடவுளுக்குத் தெரியும். நாம மன்றாடுவோம்.” படத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு முழந்தாளிட்டார். அம்மா அவரையும் பார்க்கவில்லை, மகனையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்துபோனது. டேப்பு கண்ணாடி அறுத்தான், நிறைய உடைத்தான்.

விஷயம் தெருவுக்கே தெரிந்திருந்தது. ஒருநாள் தையல்காரரின் மனைவி கடை வாசலில் வந்து நின்றாள். “எங்க வீட்டுக்காரருக்கு ரொம்ப முடியல. எனக்கு வாய் வரல தம்பி. நீயே வந்து கேளு.”

போனான். கட்டிலருகே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டான். “அண்ணே, சாமியார் வரட்டுமா?”

“இதைக் கேக்க ஒரு ஆள் வராதான்னுதான் கிடந்தேன்,” என்றார் தையல்காரர்.

அன்றே சாமியார் அங்கியோடு வந்தார். எண்ணெய் தொட்ட கட்டைவிரல் அந்த வறண்ட நெற்றியில் சிலுவை வரைவதை டேப்பு பார்த்துக்கொண்டே நின்றான். தன் கை செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று அவனுக்குத் தோன்றியது. சந்தோஷமாக இல்லை. சாமியாரானால் வீட்டை விட்டுப் போக வேண்டும். அம்மாவுக்கு அவனை விட்டால் வேறு பிள்ளை இல்லை.

மாமாவிடம் சொன்னதும் சிரித்தார். “பிரசங்கம் ஆரம்பிச்சதும் தூங்குற பய சாமியாராம். முதல்ல உன் பிரசங்கத்துக்கு நீ முழிச்சிருப்பியா பாரு.”

சாமியார் சிரிக்கவில்லை. “அப்பாவை நினைச்சு மனசு குத்துதுன்னு வர்றியா, இல்ல, கடவுள் கூப்பிட்டு வர்றியா?”

“தெரியல சாமி.”

“அப்போ பொறு.”

ஒரு வருஷத்துக்கு மேல் பொறுத்தான். குத்தல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. தெருவில் யாராவது படுத்தால் அவன் கால் தானாக அந்த வீட்டுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. பிறகுதான் அம்மாவிடம் வாய் திறந்தான்.

அம்மா வெகுநேரம் மேசையில் கிடந்த கண்ணாடித் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“அவர் போயாச்சு. நீயும் போறேங்குற.”

“போகாதேன்னு சொன்னா போக மாட்டேம்மா.”

“அப்படிச் சொல்லித் தொலைக்க என்னால முடியலையே.” துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். “போ. ஆனா எனக்கு முடியாமப் போறப்ப என்கிட்ட நேராச் சொல்லிடணும். மூடி மறைக்கிற வேலை வேணாம்.”

“சொல்றேம்மா.”

இப்போது அவன் சாமியாராவதற்குக் குருமடத்தில் படிக்கிறான். கடையை அம்மாவும் மாமாவும் பார்த்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு அவள் தனியாகச் சாப்பிட்டுப் படுக்கிறாள்.

இதைப் படித்த நீங்கள் இதை உங்களோடே வைத்துக்கொள்ளாதீர்கள். நோயாளியும் வீட்டாரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பொய்யாகச் சிரித்துக்கொள்கிற வீடு ஒன்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த வீட்டில் யாராவது ஒருவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் சொல்லுங்கள்.